இருவாச்சிக் கூடு இருக்கும் மரத்துக்கு யார் காவல்? (ஆனைமலை, வாழச்சால், பக்கே)

மழைக்குருவி | கோவை | பிப்ரவரி 16, இரவு 9.10

வணக்கம். போன வாரம் வால்பாறை போயிருந்தேன். ஆழியாறில் இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பெரிய இருவாச்சி (ஹார்ன்பில்) ஆண். சாலைக்குக் கீழே இருந்த ஒரு கிழட்டு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கழுத்தை உதறி உதறி, தொண்டையில் இருந்து பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. மரத்தில் கீறல் மாதிரி ஓர் இடுக்கு. உள்ளே இருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. எண்ணினேன், முப்பத்திரண்டு பழம்.

பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது பொங்கலுக்கு முன்னாடி உள்ள போச்சு கண்ணு. மழைக்கு முன்னாடி வெளிய வந்துரும். பதினோரு வருஷமா இதே மரம்தான்" என்றார்.

அன்று மாலை தங்கிய இடத்தில் இன்னொரு பறவை ஆர்வலரிடம் இதைச் சொன்னேன். அவர், "இந்தக் காடு பிழைக்கணும்னா மக்களை எல்லாம் கீழே இறக்கணும், வேற வழியே இல்லை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷமாக ஒரு கூட்டைப் பார்த்து வருபவரைக் கீழே இறக்கிவிட்டால் அந்தக் கூடு எப்படிப் பிழைக்கும்?

உண்மையிலேயே கேட்கிறேன். மழைக்காட்டையும் பறவையையும் காப்பாற்றுவதில் அங்கேயே வாழும் மக்களுக்கு இடம் கொடுத்து வெற்றி கண்ட ஊர்கள் இருக்கின்றனவா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

லைன்வீடு | வால்பாறை | பிப்ரவரி 16, இரவு 11.25

அக்கா, நீங்கள் பார்த்த மரம் எது என்று எனக்குத் தெரிகிறது. இடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். எங்கள் டிவிஷனில் ஓடை ஓரமாக ஒரு பெரிய கோலமாவு மரம் இருந்தது. அதில் ஒரு பொந்து. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அதன் அடியில் நின்று மேலே பார்ப்போம். ஒரு மார்ச் மாதம் நிழல்மரம் கழிக்க வந்த ஒப்பந்த ஆட்கள், உள்ளே உளுத்துப்போன மரம், காற்றில் விழுந்துவிடும் என்று அதைச் சாய்த்துவிட்டார்கள். உள்ளே பெண்ணும் குஞ்சும் இருந்தன. பெண்ணுக்கு அப்போது பறக்க இறகு கிடையாது, பொந்துக்குள் இருக்கும்போது உதிர்ந்துவிடும். ஆண் மூன்று நாள் வந்தது. தொண்டை நிறையப் பழத்தோடு வந்து, மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போனது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெட்டச் சொன்னவருக்கும் தெரியாது, வெட்டியவர்களுக்கும் தெரியாது. எங்கள் லைனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.

---

அடர்வனம் | சென்னை | பிப்ரவரி 17, காலை 7.50

லைன்வீடு எழுதியதைப் படித்து மனசு கனத்துப்போனது. இருந்தாலும் எதிர்ப்பக்கத்தை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வால்பாறையில் மழைக்குருவியிடம் அந்தப் பறவை ஆர்வலர் சொன்னதில் பாதியை நான் நம்புகிறேன்.

வால்பாறை மேட்டுநிலம் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தோட்டம் போட ஆரம்பிப்பதற்கு முன் அது முழுக்க மழைக்காடு. இன்று தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே நாற்பது துண்டுகள்போல மிச்சம். ஓர் இருவாச்சிக்கு ஒரு மரம் போதாது. பழம் தேடி அது பல கிலோமீட்டர் பறக்கிறது. ஒரு மாதம் இந்த அத்தி பழுத்தால் அடுத்த மாதம் வேறொன்று பழுக்க வேண்டும். அதற்குப் பரந்த, தொடர்ச்சியான காடு வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகம் இல்லையென்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லையென்றால், இந்தப் பறவை இன்றைக்கு இருந்திருக்காது.

இன்னொன்று. இருவாச்சிக் குஞ்சைப் பொந்தில் இருந்து எடுத்துச் சாப்பிடும் வழக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிகளிடமும் இருந்தது, வடகிழக்கிலும் இருந்தது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாக இருக்காது. மழைக்குருவி பார்த்தது அன்பான முகமாக இருக்கலாம். விறகு, சுருக்குக் கம்பி, தீ என்று எல்லாம் வருவதும் மனிதர்கள் வழியாகத்தான்.

---

ஊர்சபை | பொள்ளாச்சி | பிப்ரவரி 17, மாலை 6.35

அடர்வனம் நேர்மையாக எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. நானும் அப்படியே எழுதுகிறேன். வன உரிமை விண்ணப்பங்களுக்கு உதவும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன்.

ஆனைமலைக் காட்டை அழித்தது யார் என்று முதலில் வரிசையாகப் பார்ப்போம். டாப்ஸ்லிப் என்ற பெயரே மலை உச்சியில் இருந்து மரத்தடிகளைச் சறுக்கிவிட்டதால் வந்தது. அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்தில் இருந்து சாலக்குடிக்குத் தேக்கையும் ஈட்டியையும் இறக்க வனத்துக்குள் டிராம் பாதையே போட்டது, 1907 முதல் 1963 வரை ஓடியது. இயற்கைக் காட்டை எடுத்துவிட்டுத் தேக்குத் தோட்டம் வைத்தார்கள். பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் தேக்கில் இருவாச்சிக்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. அப்புறம் தேயிலை. அப்புறம் பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து அணைகள். ஒவ்வொரு முறையும் இடம் பெயர்ந்தவர்கள் இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர்கள். குஞ்சு எடுத்துச் சாப்பிட்டது உண்மை. அந்தப் பழக்கம் இருந்த காலத்தில்தான் காடும் முழுசாக இருந்தது.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்று ஆறு சமூகங்கள் வாழ்கின்றன. காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால் பட்டா கொடுப்பது 2016 வரை ஏறக்குறைய நின்றே போயிருந்தது. 2019 ஆகஸ்ட் மழையில் கல்லாறு காடர் செட்டில்மெண்டில் மண் சரிந்தது. பாதுகாப்பான மேட்டுக்கு, தெப்பக்குளமேட்டுக்கு, அதே காட்டுக்குள் மாறிக்கொள்ள விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்தச் சின்ன இடத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாதவரிடம் போய், கூட்டைப் பார்த்துக்கொள் என்று எந்த வாயால் சொல்வது?

---

சாலக்குடிக்கரை | திருச்சூர் மாவட்டம் | பிப்ரவரி 18, இரவு 8.15

மழைக்குருவி கேட்ட கேள்விக்கு என் வீட்டில் இருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பதில் இருக்கிறது. நான் திருநெல்வேலிக்காரன், இருபது வருஷமாக இங்கே வேலை.

வால்பாறையில் இருந்து மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் வாழச்சால் வனக்கோட்டம். அதிரப்பள்ளி அருவியைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் இந்தக் காட்டைக் கடந்துதான் வருகிறார்கள், முக்கால்வாசிப் பேர் காரை நிறுத்துவதில்லை. பெரிய இருவாச்சி (கேரளத்தின் மாநிலப் பறவை, இங்கே மலமுழக்கி என்பார்கள்), மலபார் பாண்டு இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, நாட்டுச் சாம்பல் இருவாச்சி என்று நான்கையும் இங்கே பார்க்கலாம். பாண்டு இருவாச்சிக்கு மலை உச்சி வேண்டாம், தாழ்வான ஆற்றோரக் காடுதான் வேண்டும். சாலக்குடி ஆற்றின் இரு கரையிலும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

2000களின் நடுவில் இருந்து இங்குள்ள காடர்கள் கூடு கண்காணிக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் வனத்துறையும் சேர்ந்து ஆரம்பித்த வேலை. முன்னால் குஞ்சுக்காக மரம் ஏறியவர்களையே அழைத்தார்கள். காரணம் எளிது: எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேன் எடுக்கப் போகும் வழியில், குங்கிலியம் எடுக்கப் போகும் வழியில் பார்த்து வைத்த மரங்கள். வெளியாள் ஒருவர் பத்து வருஷம் சுற்றினாலும் அந்தக் கணக்கு கிடைக்காது.

2014-ல் வாழச்சாலின் ஒன்பது ஆதிவாசி ஊர்களுக்குச் சமூக வன வள உரிமை கிடைத்தது, ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டருக்கு. இதற்கு என்ன அர்த்தம் என்றால், அந்தக் காட்டைப் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊர்க்கூட்டத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்திருந்தால் அந்த ஆற்றோரக் காடும் காடர் ஊர்களும் சேர்ந்தே போயிருக்கும். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 அறிக்கையில் அனுமதிக்க வேண்டாம் என்றது. அதைவிட வலுவான குரல் காடர் மூப்பத்தி (ஊர்த் தலைவி) கீதாவுடையது. எங்கள் ஊர்க்கூட்டம் சம்மதிக்கவில்லை என்று அவர் சொன்னபோது அதற்குப் பின்னால் சட்டம் நின்றது. அணை இன்றுவரை கட்டப்படவில்லை.

ஊர்க்கூட்டத்துக்கு உரிமை இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கூடுகள் எல்லாம் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில்தான்.

---

புதுவரவு | திண்டுக்கல் | பிப்ரவரி 19, காலை 10.05

கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம். கூடு காவல் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். காவலர் நாள் முழுக்க அங்கே என்ன செய்வார்? சும்மா உட்கார்ந்திருப்பாரா?

---

மரப்பொந்து | டாப்ஸ்லிப் பக்கம் | பிப்ரவரி 19, இரவு 10.40

தம்பி, நல்ல கேள்வி. நான் சில பருவங்கள் கூடு கவனிக்கும் குழுவோடு நடந்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இருவாச்சியால் மரங்கொத்தி மாதிரி பொந்து குடைய முடியாது. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை பிடித்து, உள்ளே உளுத்து, தானாக உருவான பொந்துதான் வேண்டும். பெரிய இருவாச்சி அலகு முதல் வால் வரை மூன்று, நான்கு அடி நீளம். அது உள்ளே போய்த் திரும்புகிற அளவுக்குப் பொந்து வேண்டுமென்றால் மரம் எவ்வளவு பருமனாக, எவ்வளவு வயதாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள். அதனால்தான் ஒரே மரத்துக்கு வருஷா வருஷம் திரும்பி வருகிறது. ஒரு கூட்டு மரம் போனால் அந்த ஜோடிக்கு அடுத்த மரம் கிடைக்குமா என்பதே கேள்வி.

டிசம்பர் கடைசியில் இருந்து ஜோடி வந்து மரத்தைப் பார்க்கும். பெண் உள்ளே போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். மெல்லிய பிளவு மட்டும் மிச்சம். ஒன்றோ இரண்டோ முட்டை, ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாப்பு, பெரும்பாலும் ஒரே குஞ்சு. இந்த நான்கு மாதமும் வெளியே இருக்கும் ஆண்தான் சோறு. அந்த ஒரு ஆணை யாராவது சுட்டால் உள்ளே இருப்பவற்றுக்கும் பட்டினிதான்.

சரி, காவலர் என்ன செய்வார்? முதலில், பருவம் தொடங்கும்போது தெரிந்த மரங்களை எல்லாம் சுற்றி வருவார். வாசல் அடைபட்டிருக்கிறதா? கீழே புது எச்சம் விழுந்திருக்கிறதா? மரத்தடியில் விதைகள் கிடக்கின்றனவா? அந்த விதைக் குவியல்தான் பெரிய சாட்சி. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம், நாவல் என்று எது கிடக்கிறது என்று பார்த்தால் ஆண் எந்தப் பக்கம் பறந்து போய் வருகிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் தூரத்தில் மறைந்து உட்கார்ந்து நேரம் குறிப்பார்: எத்தனை மணிக்கு ஆண் வந்தது, எத்தனை பழம், என்ன பழம், பல்லியா பூச்சியா. கிட்டே போனால் ஆண் இறங்காமல் திரும்பிவிடும், உள்ளே பசி. அதனால் ஆளை நெருங்க விடாமல் தடுப்பதும் அவர் வேலை.

பொந்துக்கு வேறு எதிரிகளும் உண்டு. தேனீ குடியேறிவிடும். உடும்பு ஏறும். உள்ளே அடிப்பகுதி உளுத்து இறங்கிவிட்டால் பெண்ணுக்கு வாசல் எட்டாமல் போகும். தாய்லாந்தில் இப்படிக் கெட்டுப்போன பொந்துகளை மரம் ஏறிச் சீர்செய்து மறுபடி பயன்பட வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கமும் இது புதிதில்லை. 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் டாப்ஸ்லிப் பகுதியில் பெரிய இருவாச்சியை ஆராய்ந்தபோது கூடுகளைக் காட்டிக் கொடுத்தவர்கள் காடர்கள். அந்தக் கண்கள் இல்லாமல் அந்த ஆராய்ச்சி நடந்தே இருக்காது.

---

தேன்சிட்டு | மதுரை | பிப்ரவரி 20, மாலை 4.20

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகம் பற்றி யாரும் எழுதவில்லையே. இரண்டு வருஷம் முன்பு போய் வந்தேன்.

அங்கே நீஷி மக்கள் தலையில் அணியும் பிரம்புத் தொப்பியில் பெரிய இருவாச்சியின் அலகு இருக்கும். ஆண்களுக்கு அது பெருமை. அதற்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டை. 2000களின் தொடக்கத்தில் கண்ணாடியிழையில் செய்த அலகைக் கொடுத்தார்கள், பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஊர்த் தலைவர்கள் சேர்ந்து கோரா ஆபே என்று ஒரு சங்கம் அமைத்து, வேட்டைக்கு அபராதம் போட்டார்கள். 2011-12-ல் அந்தச் சங்கம், வனத்துறை, மைசூரைச் சேர்ந்த இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து கூடு தத்தெடுப்புத் திட்டம் தொடங்கின. நகரத்தில் இருப்பவர் ஒரு கூட்டுக்குப் பணம் கட்டுவார். அந்தப் பணம் ஊர்க்காரர் ஒருவருக்குச் சம்பளமாகப் போகும். அவர் காப்பகத்துக்கு வெளியே உள்ள காட்டில் கூடு தேடிப் பாதுகாப்பார். பணம் கட்டியவருக்குக் கூட்டின் கதை எழுத்தில் வரும். இந்த வேலைக்காக ஆராய்ச்சியாளர் அபராஜிதா தத்தாவுக்கு 2013-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

இதற்கு முன்மாதிரி தாய்லாந்து. அங்கே புதோ மலையில் பேராசிரியர் பிலாய் பூன்ஸ்வாட் குஞ்சு திருடிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களையே அழைத்துக் காவலர்களாக்கினார்.

என்னோடு நடந்த காவலர் ஒருவர், தன் அப்பா சுட்ட பறவையின் அலகு இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குவதாகச் சொன்னார். அதைக் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டார், அது அப்பாவின் நினைவு. ஆனால் தன் பங்குக்கு ஐந்து குஞ்சு பறக்கப் பார்த்துவிட்டேன் என்று விரலை மடக்கிக் காட்டினார்.

---

அடர்வனம் | பிப்ரவரி 20, இரவு 9.00

> அந்தப் பணம் ஊர்க்காரர் ஒருவருக்குச் சம்பளமாகப் போகும்

இங்கேதான் என் கவலை. நகரத்தில் இருப்பவர் அடுத்த வருஷம் பணம் கட்டாவிட்டால்? பக்கேவை ஒட்டிய பாப்பும் காப்புக்காட்டில் மரம் வெட்டு நிற்கவில்லை என்று ஆய்வே வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற அளவுக்குக் காடு போயிருக்கிறது. கூட்டைச் சுற்றி ஒருவர் காவல் நிற்க, சுற்றிலும் காடு மெலிந்துகொண்டே போனால் ஆண் பறவை பழத்துக்கு எங்கே போகும்?

ஆனால் வாழச்சால் பற்றிப் படித்த பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அணையைத் தடுத்ததில் ஊர்க்கூட்டத்துக்கு இருந்த சட்ட பலம் எனக்கு இதுவரை தெரியாது. புலிகள் காப்பகம் என்று அறிவித்தால் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

ஈப்போவாசகி | பேராக், மலேசியா | பிப்ரவரி 21, காலை 8.30

மலேசியாவில் இருந்து ஒரு தகவல். எங்கள் பேராக் மாநிலத்தின் வடக்கே பெலும்-தெமெங்கோர் காடு. நாங்கள் எங்காங் என்று மலாய்ப் பெயரில்தான் சொல்லிப் பழக்கம். மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் அங்கே இருக்கின்றன. அலகின் மேலுள்ள கொம்புக்காகக் கொன்று கொன்று அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட தலைக்கவச இருவாச்சியும் அதில் ஒன்று.

மேலே உள்ள அரச பெலும் பூங்கா 2007-ல் அறிவிக்கப்பட்டது, 117,500 ஹெக்டேர். கீழே உள்ள தெமெங்கோரில் மரம் வெட்டுவதற்கு இன்னும் அனுமதி உண்டு. மலேசிய இயற்கைச் சங்கம் அங்குள்ள ஓராங் அஸ்லி மக்களைக் கூடு காவலர்களாகச் சேர்த்திருக்கிறது. அடர்வனம் ஐயா கேட்டது எங்களுக்கும் அதே கேள்விதான். காவலர் கூட்டைப் பார்ப்பார், லாரி மரத்தை ஏற்றிக்கொண்டு போகும். அந்த மக்களுக்கு நிலத்தின் மேல் உறுதியான உரிமை இல்லாதவரை லாரியை நிறுத்த அவர்களால் முடியாது. வாழச்சாலின் கதையை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். என் வாசகர் வட்டத்தில் மலாயில் எழுதிப் பகிரப் போகிறேன்.

---

நாற்றங்கால் | வால்பாறை | பிப்ரவரி 22, மதியம் 2.15

காவல் பற்றிப் பேசிவிட்டோம். மெலிந்த காட்டை மறுபடி அடர்த்தியாக்குவது பற்றியும் பேச வேண்டும். மழைக்காட்டு நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன்.

திவ்யா முத்தப்பாவும் ஷங்கர் ராமனும் இருபத்தைந்து வருஷம் முன்பு இங்கே ஆரம்பித்த வேலை இது. தேயிலை, காப்பித் தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமான காட்டுத் துண்டுகளில், அவர்கள் ஒப்புதலோடு, சொந்த மண்ணின் மரங்களைத் திரும்ப நடுவது. மரம் நடுவிழா என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நாளில் ஆயிரம் குழி வெட்டிப் படம் எடுக்கிற வேலை இல்லை.

பல மழைக்காட்டு மரங்களின் விதையைக் காயப்போட்டுச் சேமிக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். பழுத்து விழுந்த சில நாளில் எடுத்து ஊன்ற வேண்டும். தார் ரோட்டில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகும் விதைகளைப் பொறுக்குகிறோம், காட்டுக்குள் விழுந்ததைத் தொடுவதில்லை. வெடிபலா, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், கோலமாவு என்று நூற்றுக்கும் மேற்பட்ட வகை. பையில் ஒன்றிரண்டு வருஷம் வளர்ந்த பிறகு ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடுவோம். அதற்கு முன் உண்ணிச்செடியையும் காடாகப் பரவிவிட்ட ரொபஸ்டா காப்பியையும் கையால் வெட்டி எடுக்க வேண்டும். நடுவே தானாக முளைத்திருக்கும் நல்ல கன்று அரிவாளில் மாட்டிவிடக் கூடாது. எந்த இலை எந்த மரம் என்று தெரிந்தவர்களால்தான் அது முடியும். எங்கள் பண்ணையில் இலையைக் கிள்ளி முகர்ந்து பெயர் சொல்லும் அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்கள் பள்ளிக்கூடம் போனதில்லை.

பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2022-ல் வந்த ஆய்வு ஒன்று, இப்படி நட்டுப் பராமரித்த துண்டுகளையும் சும்மா விட்டுவிட்ட துண்டுகளையும் ஒப்பிட்டது. நட்டு வளர்த்த இடங்களின் பறவைக் கூட்டம்தான் நல்ல மழைக்காட்டின் பறவைக் கூட்டத்துக்கு நெருக்கமாக வந்திருந்தது. சும்மா விட்டால் காடு தானாக வந்துவிடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உண்ணிச்செடி அடைத்த இடத்தில் வராது.

அப்புறம், சொந்த மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் இருவாச்சி கூடே கட்டுகிறது. வெறும் சில்வர் ஓக் நிற்கும் தேயிலையில் அதற்கு ஒன்றுமே இல்லை. தோட்டத்துக்காரர்கள் நிழலுக்கு என்ன மரம் வைக்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

---

லைன்வீடு | பிப்ரவரி 22, இரவு 11.50

நாற்றங்கால் அக்கா எழுதியதற்குக் கை குவிக்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளூர் மக்கள் என்றால் பழங்குடிகள் மட்டும் என்று பேச்சு போகிறது. அவர்கள் உரிமை முதலில், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வால்பாறையில் நான்கு தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறோம். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. காடு நல்லது என்று சொல்பவர்கள் எங்களிடம் வரும்போது, நாங்கள் பயப்படுவது யானைக்கும் சிறுத்தைக்கும்.

யானை விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. யானைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மாலையில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். மேட்டில் சிவப்பு விளக்கு எரியும், விளக்கைப் பார்த்தால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க மாட்டோம். ஆனந்த குமார் குழுவினர் செய்தது, 2015-ல் விட்லி விருது வாங்கியது. சாவு குறைந்தது. அந்த விளக்கு வந்த பிறகுதான் எங்கள் லைனில் காட்டைப் பற்றி நல்லபடியாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன் காடு என்றாலே சாமத்தில் கதவு உடையும் சத்தம்தான். பறவையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எங்கள் பயத்தைப் பற்றி முதலில் கேட்டால், மற்றதை நாங்களே சொல்வோம்.

---

நெறியாளர் | பிப்ரவரி 23, காலை 9.00

ஒரு வேண்டுகோள். கூடு இருக்கும் இடத்தைக் காட்டும் படம், எஸ்டேட் பெயர், ஜி.பி.எஸ். புள்ளி எதையும் பதிய வேண்டாம். நேற்று வந்த இரண்டு படங்களை நீக்கியிருக்கிறேன். கூட்டு மரத்தடியில் கேமராவோடு ஆட்கள் கூடி, ஆண் பறவை மணிக்கணக்கில் இறங்காமல் சுற்றிய சம்பவங்கள் நம் உறுப்பினர்கள் கண்ணாலேயே பார்த்தவை.

---

அடர்வனம் | பிப்ரவரி 23, காலை 10.30

நெறியாளர் நீக்கிய படங்களில் ஒன்று என்னுடையது. இடம் தெரியும் என்று தோன்றவில்லை, மன்னிக்கவும்.

ஆறு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காப்பகத்தின் நடுப்பகுதி தொடர்ச்சியான காடாக, புதிய சாலையும் விடுதியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அந்த உறுதியை இத்தனை நாள் தப்பான ஆட்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். செட்டில்மெண்டில் இருப்பவர் கொண்டுவந்ததா சாலையும் விடுதியும்? 2025-ல் தமிழ்நாடு அரசு ஆனைமலையில் இருவாச்சிப் பாதுகாப்புக்கென்று தனி மையம் அமைப்பதாக அறிவித்தது. அதில் கூடு கணக்கெடுக்கும் வேலையும் காவல் வேலையும், நிரந்தரச் சம்பளத்தோடு, அங்குள்ள ஆறு சமூகங்களுக்கும் போக வேண்டும் என்று மனு எழுதப் போகிறேன். ஊர்சபை, வரைவைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?

---

ஊர்சபை | பிப்ரவரி 23, இரவு 8.05

கட்டாயம். ஒரே ஒரு திருத்தம் இப்போதே சொல்கிறேன். "அவர்களுக்கு வேலை தர வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மரம், எந்தப் பாதை, எப்போது யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் ஊர்க்கூட்டத்துக்கு நாற்காலி வேண்டும் என்றும் எழுதுங்கள். தினக்கூலிக் காவலராக நம் ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். முடிவெடுக்கும் மேசையில்தான் இருந்ததில்லை.

---

மழைக்குருவி | மார்ச் 2, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்டபோது இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மனுவில் நானும் கையெழுத்திட்டேன். ஜூன் கடைசி வாரம் நாற்றங்கால் அக்காவிடம் நடவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் இருந்து இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். அதற்கு முன் உண்ணிச்செடி வெட்டவும் ஆள் வேண்டுமாம், அதற்கு ஏப்ரலில் ஒரு முறை.

லைன்வீடு தம்பி, அந்த அம்மாவைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்லுங்கள். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

---

லைன்வீடு | ஏப்ரல் 19, காலை 8.20

அக்கா, சொல்லிவிட்டேன். சிரித்தார்.

இன்னொரு செய்தி. நேற்று அந்த மரத்தில் பெண் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இறகு எல்லாம் புதிதாக முளைத்து, பளிச்சென்று இருக்கிறது. முதலில் பக்கத்துக் கிளைக்குப் பறக்கவே தடுமாறியது. குஞ்சு உள்ளேதான். உடைந்த வாசலை அது தானே உள்ளிருந்து மறுபடி அடைக்கிறது, நான் இதுவரை பார்த்ததில்லை. இனிமேல் அப்பா, அம்மா இரண்டு பேரும் பழம் கொண்டுவருவார்கள். அடியில் இரண்டு நாற்று முளைத்திருக்கிறது, ஒன்று கருங்குங்கிலியம் என்று மரப்பொந்து அண்ணன் சொன்னார். அந்த அம்மா அதைச் சுற்றி நான்கு கல் வைத்திருக்கிறார், மருந்தடிக்க வருபவர்கள் மிதித்துவிடக் கூடாது என்று.